திரையில் தமிழ், கோப்பில் வேறு: பழைய இணையப் பக்கங்களோடு நம் அனுபவங்கள்

சென்னை, பக்க வடிவமைப்பாளர்

1990களின் பிற்பகுதியில் தமிழ் இணையப் பக்கங்களை உருவாக்கியவர்களும் அவற்றைத் தேடிப் படித்தவர்களும் தங்கள் அனுபவத்தை இங்கே எழுத வேண்டுகிறேன். இணைய வளர்ச்சியின் வரலாறு பெரும்பாலும் உலாவி, தேடுபொறி, சமூக ஊடகம் என்ற வரிசையில்தான் சொல்லப்படுகிறது. தமிழில் எழுதியவர்களுக்கோ அது எழுத்துருவில் தொடங்கியது.

டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் செர்ன் ஆய்வகத்தில் முன்மொழிந்த வலையை, உரிமத்தொகை ஏதுமின்றி எவரும் பயன்படுத்தலாம் என்று 1993 ஏப்ரல் 30 அன்று அந்த ஆய்வகம் அறிவித்தது. ஆனால் அப்படித் திறந்துவிடப்பட்ட வலை மேற்கு ஐரோப்பிய எழுத்துகளையே இயல்பாக எதிர்பார்த்தது. இணையப் பக்கங்களை எழுதும் மொழியின் 1995ஆம் ஆண்டுப் பதிப்பான எச்.டி.எம்.எல். 2.0 இலத்தீன்-1 எழுத்துத் தொகுதியை அடிப்படையாகக் கொண்டிருந்தது. உலக எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான தொகுதியை 1997இன் எச்.டி.எம்.எல். 4 தான் ஏற்றது. அந்தப் பொதுத் தொகுதியான யூனிகோடில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தும், நாங்கள் பயன்படுத்திய கணினிகளுக்கு அதைத் திரையில் காட்டத் தெரியாது.

எனவே நாங்கள் செய்தது இதுதான். ஓர் எழுத்துருவில் இருந்த 256 இடங்களில் முற்பாதியை ஆங்கிலத்துக்கு விட்டுவிட்டு, மீதியில் தமிழை அடைத்தோம். 247 எழுத்துகளும் அதற்குள் கொள்ளாது என்பதால் கால், கொம்பு, கொக்கி என்று உறுப்புகளாகப் பிரித்து வைத்தோம். எந்த இடத்தில் எந்த உறுப்பு என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி முடிவு செய்தது. ஒருவரின் ககரம் இருந்த இடத்தில் இன்னொருவரின் ஞகரம் இருந்தது. ஒவ்வொரு தளத்தின் முகப்பிலும் எழுத்துருவைப் பதிவிறக்கச் சொல்லும் இணைப்பு இருக்கும். ஆனால் அன்றைய வாசகர்களில் பலர் பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்குக்குப் பணம் கட்டிப் படித்தவர்கள். அங்கிருந்த கணினியில் எதையும் நிறுவ உரிமையாளர் விடமாட்டார். பக்கத்தோடு தானே இறங்கும் இயங்கு எழுத்துருக்கள் வந்தபோது பெரிய நிம்மதி பிறந்தது. அதிலும் நெட்ஸ்கேப் உலாவிக்கு ஒரு வடிவம், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு வேறொரு வடிவம் என்று இரண்டு முறை உழைக்க வேண்டியிருந்தது.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதையடுத்துத் தமிழ்நாடு அரசு டேம், டேப் என்ற குறியேற்றங்களை, அதாவது எந்த உறுப்புக்கு எந்த இடம் என்ற பொது வரையறைகளை, ஏற்றது. அயலகத் தமிழர் பலர் திஸ்கி என்ற வேறொரு குறியேற்றத்தைப் பயன்படுத்தினர். எந்தக் குறியேற்றம் சரி என்ற அந்நாளைய விவாதங்களைப் பிடிவாதக்காரர்களின் சண்டை என்று சிலர் இன்று சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. திரையில் தெரிவது மட்டும் போதாது, கோப்புக்குள்ளும் அது தமிழாகவே இருக்க வேண்டும் என்பதை அவர்களில் பலர் அப்போதே உணர்ந்திருந்தார்கள்.

யாழ்ப்பாணம், நூலகப் பணியாளர்

ஐயா குறிப்பிட்ட அந்தக் கடைசி வாக்கியத்தின் பொருளைப் பழைய கோப்புகளை மாற்றும் வேலையில் இறங்கியபோது நான் முழுமையாக அறிந்துகொண்டேன். எங்கள் பக்கம் பெரும்பாலும் பாமினி என்ற எழுத்துருதான். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழை வைத்திருப்பதால், கோப்பைப் பொறுத்தவரை அதில் தமிழே இல்லை, பொருளற்ற ஆங்கிலக் கோவைதான் இருக்கிறது. யூனிகோடுக்கு மாற்றித்தரும் நிரலான மாற்றியில் இட்டால் தமிழ்ப் பகுதி சரியாக வரும். இடையிலே வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களும் மின்னஞ்சல் முகவரிகளும் கூடவே விசித்திரமான தமிழாகிவிடும். எந்தச் சொல்லுக்கு எந்த எழுத்துரு என்ற குறிப்பு ஆவணத்தில் இருந்தால் தப்பலாம். யாராவது அதை வெற்று உரையாகச் சேமித்து வைத்திருந்தால், அந்தக் குறிப்பும் போய்விடும். பிறகு ஒவ்வொரு வரியையும் மனிதக் கண்தான் பார்க்க வேண்டும்.

வரிசைச் சிக்கல் வேறு. பழைய முறைகளில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பு, ககரம், கால் என்று மூன்று உறுப்புகளாகப் பதிவாகும். யூனிகோடிலோ ககரம் முதலில், ஒகரக் குறி அதன் பின்னே. ஆகவே மாற்றி ஒவ்வொரு கொம்பையும் இடம் பெயர்க்க வேண்டும், பின்னால் கால் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். தட்டச்சாளர் கொம்புக்கும் எழுத்துக்கும் நடுவில் தவறுதலாக ஓர் இடைவெளி விட்டிருந்தால் அச்சில் அது தெரியாது, மாற்றியில் சொல்லே உடைந்துவிடும்.

2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் பெருமளவில் வருடப்பட்டு இணையத்தில் ஏறியிருக்கின்றன. அவை கிடைப்பதே பேறு. ஆயினும் வருடிய பக்கம் வெறும் படமாகவே இருக்கும் இடங்களில், அதற்குள் ஓர் ஊரின் பெயரைத் தேட விரும்புகிறவர் இன்னும் பக்கம் பக்கமாகத்தான் புரட்ட வேண்டும்; படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் எழுத்துணரிகள் இப்போது மேம்பட்டு வருவதால், அந்த வேலையைச் செய்வதற்கு இது நல்ல காலம்.

கோயம்புத்தூர், வாசகர்

என் அனுபவம் சிறியது. விண்டோஸ் எக்ஸ்பியில் யூனிகோடு தமிழ் தெரியத் தொடங்கிய பிறகு, தேடுபொறியில் தமிழிலேயே ஒரு பாசுர வரியை இட்டேன். அது தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டத்தின் பக்கத்தில் போய் நின்றது. 1998 பொங்கலன்று தொடங்கிய அத்திட்டத்தின் மின்னூல்களை முன்பே படித்திருக்கிறேன். அந்த வரி எந்த நூலில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அதைத் திறக்க முடியும் என்ற நிலை அன்றோடு மாறியது. தன்னார்வலர்கள் தட்டச்சிட்டதை முதலில் தனி எழுத்துருக்களில், பின்பு திஸ்கியில், அதன் பின் யூனிகோடில் என்று பொறுமையாக மாற்றிக்கொண்டே வந்ததால்தான் அது நடந்தது. அப்படி மாற்ற ஆளில்லாத பக்கங்கள் அவ்வாண்டுகளோடு நின்றுவிட்டன.

பெங்களூரு, மொழித்தரவுப் பணி

நின்றுவிட்டன என்பதை நான் நாள்தோறும் பார்க்கிறேன். என் வேலை, இணையத்திலிருந்து திரட்டிய பெருந்தொகுப்புகளில் தமிழ் உரையைப் பிரித்தெடுப்பது. ஒரு நிரல் ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்து இது எந்த மொழி என்று தீர்மானிக்கிறது. பழைய எழுத்துருவில் இருக்கும் சிறுகதையும் தலையங்கமும் அதன் கண்ணுக்கு உடைந்த இலத்தீன் குறிகளாகத் தெரிவதால், குப்பை என்று தள்ளப்படுகின்றன. இணையக் காப்பகத்தில் அந்தப் பக்கம் பத்திரமாகக் கிடக்கலாம். ஆனால் வருங்காலத்தில் வலையைப் படிக்கப்போகும் பொறிகளைப் பொறுத்தவரை அது எழுதப்படவே இல்லை.

இதை நான் பெரிதாக நினைப்பதற்குக் காரணம் உண்டு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது முதல், வாசகர் ஒரு தளத்துக்கு வந்து படிப்பது குறைந்து, நடுவில் நிற்கும் பொறி படித்துச் சுருக்கிச் சொல்வதைக் கேட்பது பழக்கமாகி வருகிறது. இப்போக்கு இப்படியே தொடரும் என்று சொல்ல முடியாது. தொடர்ந்தால், பொறிக்குப் படிக்கக் கிடைத்த தமிழ்தான் அடுத்த தலைமுறை கேட்கும் தமிழாக இருக்கும். யூனிகோடைக் கோப்பில் பதியும் யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்வதாலும், பொறி படிப்பதற்காகச் சொல்லைத் துண்டாக்கும் நிரல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தை வைத்து உருவானதாலும், ஒரே செய்தி தமிழில் கூடுதல் துண்டுகளாகச் சிதறுவது வழக்கம். அதற்கேற்பச் செலவும் கூடுகிறது. உரையும் குறைவு, செலவும் அதிகம் என்ற நிலையில் இருபது ஆண்டு இதழ்த் தொகுப்பு ஒன்று வெளியே நிற்பது சிறிய இழப்பன்று.

வேறொரு பக்கமும் இருக்கிறது. தன் எழுத்தைப் பொறிகள் எடுக்கக் கூடாது என்று நினைக்கும் எழுத்தாளருக்கு இன்று இருக்கும் கருவி, 1994இல் ஓர் ஏற்பாடாகத் தொடங்கி 2022இல் முறைப்படி வரையறுக்கப்பட்ட, தளத்தில் எதை எடுக்கக் கூடாது என்று திரட்டும் நிரல்களுக்குச் சொல்லும் ரோபாட்ஸ் கோப்புதான். அதை மதிப்பதும் மதிக்காததும் திரட்டுகிறவரின் விருப்பம். ஆகவே பழைய இதழை மாற்றி ஏற்றும்போதே ஆசிரியரின் சம்மதத்தைக் கேட்டுப் பதிந்துவைப்பது நல்லது. பின்னர் கேட்க அவரும் இருக்கமாட்டார், அவர் மின்னஞ்சலும் இயங்காது.

ஒரு வருத்தம். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்ற பிறகும், பழைய எழுத்துருவில் அமைத்த பி.டி.எஃப். கோப்புகள் பல இடங்களிலிருந்து இன்றும் புதிதாக வெளிவருகின்றன. படிக்க அழகாக இருக்கும். ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டிப் பார்த்தால் தெரியும்.

சென்னை, பக்க வடிவமைப்பாளர்

எழுதியவர்களுக்கு நன்றி. குறுவட்டுகளில் பழைய கோப்புகள் வைத்திருப்பவர்கள், மாற்றிய பிறகு மூலத்தை அழித்துவிட வேண்டாம். எழுத்துருக் கோப்பையும் அதே உறையில் சேர்த்து வையுங்கள். இன்றைய மாற்றி தவறவிட்டதை நாளைய மாற்றி பிடிக்கக்கூடும். எந்த எழுத்துரு என்றே தெரியாத கோப்பு கிடைத்தால், அதில் உறுதியாக இருக்கும் ஒரு பெயரை, இதழின் தலைப்பையோ ஊரையோ எடுத்துக்கொண்டு, அறிந்த ஒவ்வொரு குறியேற்றத்திலும் அப்பெயர் எப்படிப் பதிவாகும் என்று எழுதி, கோப்பில் அந்தக் கோவையைத் தேடுங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒன்று பொருந்திவிடும். பொருந்தாதவற்றின் முதல் சில வரிகளை இங்கே இடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.