கூசுவதில் அச்சம் உண்டா, இல்லையா?

களியக்காவிளைக்காரன்:
அச்சத்தாலோ வலியாலோ வியப்பாலோ உடலைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொள்வதற்குத் தமிழில் சொல்லே கிடையாது என்றும், மலையாளத்தின் 'ஞெட்டல்' ஒன்றே அதைச் சொல்லும் என்றும் கேரளத்தில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை ஆசிரியர் நேற்று இங்கே தீர்ப்பு எழுதியிருக்கிறார். துணுக்குறுதல், திடுக்கிடுதல், வெருவுதல், அரளுதல் ஆகியவை அவர் வீட்டுப் படியேறியதில்லை போலும். அவற்றை விடுங்கள், கூசுதல் ஒன்றே போதும். ஊசியைக் கண்ட பிள்ளையின் தோள், அது தோலைத் தொடுவதற்கு முன்பே காதுவரை ஏறி ஒடுங்குகிறதே, அது கூசுதல் அல்லாமல் வேறென்ன?

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்:
திடுக்கிடுதல் உள்ளத்தின் அதிர்ச்சியைச் சொல்கிறது, உடல் பின்வாங்குவதைச் சொல்லவில்லை என்பதே என் வாதம். கூசுதலோ இன்னும் தொலைவில் நிற்கிறது. வெயிலில் கண் கூசும், புளியங்காய் கடித்தால் பல் கூசும், அக்குளில் விரல் வைத்தால் உடம்பு கூசும். இவற்றில் அச்சம் எங்கே இருக்கிறது?

களியக்காவிளைக்காரன்:
'ஒரு கூசலும் இல்லாதெ' என்று மலையாளத்தில் சொன்னால் சற்றும் அஞ்சாமல் என்று பொருள். உங்கள் வீட்டு வாசலில் நாள்தோறும் கேட்கும் பேச்சு அது. கூசலில் அச்சம் இல்லையென்றால் அந்தத் தொடர் எப்படி வந்தது?

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்:
மலையாளத்துக்கு ஓடியதாக என்னைக் கண்டித்தவர், இப்போது சாட்சிக்கு அங்கேயே ஆள் அழைத்து வருகிறார். தமிழில் 'கூசாமல் பொய் சொல்கிறான்' என்றால் வெட்கமில்லாதவன் என்றே பொருள். அச்சம் பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியம் அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், இறை (அரசன்) என்னும் நான்கைச் சொல்கிறது. வியப்பை மருட்கை என்று தனியே வைக்கிறது. கூச்சத்துக்கு அந்த நான்கில் இடமில்லை.

செங்கோட்டை வாசகி:
சூடான தோசைக்கல்லில் விரல் பட்டால், வலியை மூளை உணர்வதற்கு முன்பே தண்டுவடத்தின் வழியாக வரும் கட்டளையால் கை பின்வாங்கிவிடுகிறது. அங்கே அஞ்சுவதற்கு நேரமே இல்லை. ஊசியைக் கண்டு ஒடுங்குவது முன்கூட்டிய அச்சம். இரண்டும் வெவ்வேறு அசைவுகள் என்பதால், எதற்குச் சொல் தேடுகிறோம் என்று முதலில் வரையறுத்துக்கொண்டால் நல்லது.

களியக்காவிளைக்காரன்:
வரையறையைப் பிறகு பார்க்கலாம், அக்கா. ஊசி அணங்கா, விலங்கா, கள்வரா, இறையா என்று மாஷ் முதலில் சொல்லட்டும். பிள்ளையின் தோள் கூசுகிறது, பிள்ளை அஞ்சுகிறது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்:
பலாப்பழத்தைச் சக்கை என்று எழுதிவிட்டு, தமிழ்நாடே அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று சென்ற மாதம் சாதித்தவரிடம் சான்று பேசுவது வீண்வேலை. பழத்தைத் தின்றபின் எஞ்சுவதற்குப் பெயர்தான் சக்கை, அண்ணாச்சி.

களியக்காவிளைக்காரன்:
எங்கள் குமரிப் பக்கத்து வட்டங்களான கல்குளமும் விளவங்கோடும் தோவாளையும் அகத்தீஸ்வரமும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தில் சேர்ந்தபோது, எங்கள் பேச்சை எல்லையில் இறக்கி வைத்துவிட்டு வரவில்லை. எங்கள் மரத்தில் சக்கைதான் காய்க்கும். அதே நாளில் பிறந்த கேரளத்தின் சித்தூர் வட்டத்தில் இருந்துகொண்டு எங்களுக்குத் தமிழ் கற்பிக்க வேண்டாம். ஊசியைக் கண்டு தோள் ஒடுங்குவதை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள், அதை மட்டும் எழுதுங்கள்.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்:
பிள்ளை மிரளுகிறது என்போம். கூசுகிறது என்று எவரும் சொல்வதில்லை.

செங்கோட்டை வாசகி:
அப்படியானால் தமிழில் சொல் இருக்கிறது என்றாகிறதே, ஐயா?

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்:
மிரளுதல் அடிப்படையில் மாட்டுக்கு உரியது. பிள்ளைக்கு அதைச் சொல்வது இரவல் வழக்கு. என் கருத்தில் மாற்றமில்லை.

களியக்காவிளைக்காரன்:
மாட்டுக்கும் ஊசி போடுகிறார்கள், மாஷே. கால்நடை மருத்துவர் விரலை வைத்ததுமே அதன் தோல் அந்த இடத்தில் மட்டும் வெடுக்வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். அதற்கும் கூச்சம் என்றுதான் பெயர்.