பம்பரைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள்: பழைய கார் குரோம் வேலையில் எங்கள் அனுபவங்கள்

கல்லடி உறுப்பினர்:

பெரியப்பாவின் மொரிஸ் மைனர் 1000 இப்போது என் கையில். எஞ்சின் நல்லம், பெயின்ற்றும் பரவாயில்லை. ஆனால் முன் பம்பர் முழுக்கத் தவிட்டு நிறப் புள்ளி. ஹெட்லைட் வளையம் உரிந்துவிட்டது, கதவுக் கைபிடியில் கொப்புளம். கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கிற கல்லடியில் வாடைக்காற்று தொடங்கினால் ஜன்னல் கம்பிகூடத் தப்பாது, காரின் குரோம் எம்மாத்திரம்?

ஊரில் கேட்டால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். தேசிக்காயும் உப்பும் போட்டுத் தேய், சில்வர் பெயின்ற் அடி, கழற்றி எறிந்துவிட்டுப் புதிது வாங்கு. நான் முதல் வேலையாகப் பம்பரைக் கழற்றினேன். உங்களுக்கும் அதையேதான் சொல்வேன். போல்ட்டுகளுக்கு முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். முன்னால் தெரிகிற அந்தக் குமிழ்த் தலைப் போல்ட்டுகளை அவசரத்தில் முறுக்கி உடைத்தால் அதே அளவில் தேடி எடுப்பது கஷ்டம்.

பம்பர் கையில் வந்ததும் திருப்பிப் பார்த்தேன். உள்வளைவில், கீழ் விளிம்பு நெடுக, மணலும் துருவும் சேர்ந்து கட்டியாகிக் கிடந்தது. ஸ்குரூ டிரைவரால் தட்டத் தட்ட இரும்பு ஏடு ஏடாகக் கழன்று விழுந்தது. அதே இடத்தில் முன்பக்கம் தெரிந்ததோ மிளகளவு புள்ளி.

காரணம் முலாம் படிகிற விதம். குரோம் என்று நாம் சொல்கிற முலாமில் குரோமியம் மிகச் சொற்பம், ஒரு மைக்ரோனில் பாதிகூட வராது (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோன்). துருவைத் தடுப்பது அதன் கீழே இருக்கிற நிக்கல். காரின் வெளிப்பாகத்துக்கு அது 30 மைக்ரோன் அளவிலாவது இருக்கவேண்டும். பெரும்பாலும் அதற்கும் கீழே செம்பு. மின்சாரம் கொடுத்துப் படிய வைக்கும்போது உலோகம் வெளி விளிம்புகளில் தடிப்பாகவும், உட்குழிவில் மெலிசாகவும் ஏறும். பம்பரின் பின்பக்கம் முழுவதும் உட்குழிவு. அங்கேதான் சேறும் உப்பும் போய்த் தங்கும்.

பின் பம்பர் அவ்வளவு மோசமில்லை, வெறும் புள்ளிதான். சாப்பாட்டுப் பார்சல் சுற்றுகிற அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தேன். கறுப்புச் சாந்து போல ஒன்று கிளம்பும், துடைத்தால் துரு போய்விடும். அலுமினியம் குரோமைவிட மிகவும் மெது, அதனால் கீறாது. பள்ளம் விழுந்த இடம் பள்ளமாகத்தான் இருக்கும். நன்றாகக் காயவைத்து மெழுகு பூசினால் போதும், அந்தப் பம்பரை முலாம் போடுகிற தொட்டிக்கு அனுப்பத் தேவையில்லை.

முன் பம்பரைக் கொழும்புக்குக் கொண்டுபோனேன். ஓரிடத்தில் மினுக்கிவிட்டு நேரே குரோம் அடித்துத் தருகிறோம், காசு பாதிதான் என்றார்கள். பெரியப்பாவின் காலத்தில் ஹெட்லைட் வளையங்களை ஒரு கடையில் அப்படித்தான் செய்து கொடுத்திருந்தார்கள். அதுதான் இப்போது தோல் தோலாக உரிகிறது. வேறிடத்தில் ஒரு வயதான பாஸ் (கைதேர்ந்த தொழிலாளி), பழைய முலாமை எல்லாம் எடுத்துவிட்டு, வெறும் இரும்பாக இருக்கும்போது என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எங்கே ஓட்டை, எங்கே வெல்டிங் வேண்டும், எங்கே அளவுக்கு மேல் தேய்த்தால் தகடு மெலிந்துவிடும் என்று விரலால் தடவித் தடவிச் சொன்னார். அப்படிக் காட்டுகிறவரிடம் துணிந்து கொடுக்கலாம். செம்பு போடுவீர்களா, நிக்கல் எவ்வளவு தடிப்பு என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் பம்பரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

திரும்பி வந்ததும் பின்பக்கத்துக்கு நாகம் (துத்தநாகம்) கலந்த பிறைமரும் அதன் மேல் கறுப்புப் பெயின்ற்றும் அடித்து, போல்ட் துளைகளைச் சுற்றிக் கிரீஸ் பூசித்தான் பூட்டினேன். பம்பருக்கும் அதன் மேல் நிற்கிற கொம்புகளுக்கும் நடுவே வருகிற றப்பர் பட்டியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் இரண்டும் உரசி முலாம் போய்விடும்.

வீட்டிலேயே குரோம் தொட்டி வைக்கலாம் என்று வீடியோ பார்த்துக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வழக்கமான குரோம் தொட்டியில் இருப்பது குரோமிக் அமிலம். அதன் ஆவி புற்றுநோய் உண்டாக்கும். கழிவை ஊற்றினால் அது கிணற்றுக்கோ வாவிக்கோதான் போய்ச் சேரும். தயவுசெய்து வேண்டாம்.

கல்முனை உறுப்பினர்:

அண்ணன் சொன்னது இரும்புக்குச் சரி. கைபிடி, பொனட் சின்னம் போன்றவை பெரும்பாலும் இரும்பில்லை. நாகத்தோடு கொஞ்சம் அலுமினியம் சேர்த்து வார்த்த, மசாக் என்கிற கலவை. காந்தம் ஒட்டாது, தூக்கினால் பாரம், கொப்புளத்தைக் கிளறினால் வெள்ளைத் தூள் கொட்டும். இதற்குத் தேசிக்காய், வினாகிரி எதுவும் ஆகாது. அமிலம் முலாமின் துளைக்குள் இறங்கி நாகத்தைக் கரைத்துவிடும்.

வாப்பாவின் ஒஸ்டின் ஏ40 சமர்செற் 2004 சுனாமியில் கூரை வரை கடல்தண்ணீரில் நின்றது. அப்போது காரைக் கழுவுகிற நிலையில் யாரும் இருக்கவில்லை. மாதங்கள் கழித்துப் பார்க்கும்போது துருப்பிடிக்காத உருக்கில் செய்த பட்டிகள் கழுவியதும் பளிச்சென்று வந்துவிட்டன. பொனட்டின் மேல் நிற்கிற இறக்கை முளைத்த 'ஏ' சின்னம் மட்டும் அம்மைத் தழும்பு விழுந்து கிடந்தது. வாப்பா அதை விடவில்லை, ஒரு துணியில் சுற்றி அலுமாரியில் வைத்திருந்தார்.

மசாக்கைத் திருத்த வழி இருக்கிறது. குழிகளைச் சுத்தமாகக் குடைந்து, செம்பு படிய வைத்து, ஈயப்பற்று நிரப்பி, அராவி, மறுகா செம்பு, நிக்கல், குரோம். சூடு கூடினால் சின்னமே உருகிவிடும், நாகக் கலவை 400 பாகை செல்சியஸ் தாங்காது. முதல் செம்பு சயனைட் தொட்டியில் போடவேண்டும். சாதாரண அமிலச் செம்புத் தொட்டி நாகத்தைத் தின்னும். அதனால் எல்லாப் பட்டறையிலும் எடுக்கமாட்டார்கள்.

எங்களுடையது அந்த நிலையையும் தாண்டிவிட்டது. கண்டிக்குப் பக்கத்தில், பிலிமத்தலாவையில், பித்தளை வார்க்கிறவர்களிடம் கொடுத்து அதை அச்சாக வைத்து வார்த்தெடுத்தோம். வார்ப்பவர் ஒன்றைச் சொன்னார், அது எனக்குத் தெரியாது: பித்தளை ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை அளவில் சுருங்கும். 20 சென்றிமீற்றர் நீளச் சின்னம் 3 மில்லிமீற்றர் குறைந்து வரும், அடித்தளத் துளை பொருந்தாது. அதனால் பழையதன் மேல் பற்று வைத்து நிரவி, கொஞ்சம் பெருப்பித்துத்தான் அச்சு எடுத்தார். பித்தளையில் நிக்கலும் குரோமும் அருமையாகப் பிடிக்கும். வாப்பாவே தன் கையால் பூட்டினார்.

திருக்கோவில் உறுப்பினர்:

துருப்பிடிக்காத பட்டிகள் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. அவற்றுக்கு முலாமே இல்லை. நெளிந்திருந்தால் வேப்பங்கட்டையில் வைத்து, பின்பக்கமிருந்து சின்னச் சுத்தியலால் தட்டி எடுத்துவிடலாம். அப்புறம் 400, 800, 1200, 2000 என்று வரவர நைசாகிற, தண்ணீரில் நனைத்த சாண்ட் பேப்பர், கடைசியில் பஞ்சுச் சில்லில் பொலிஷ். டிங்கர் வேலை செய்கிறவர்கள் பட்டியைப் பிடிக்கிற கிளிப் கிடைக்காமல் இரும்புத் திருகாணி அடித்துவிடுவார்கள். இரும்பும் அந்த உருக்கும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் இரும்புதான் கெடும், துளையைச் சுற்றிக் கதவுத் தகடும் போய்விடும். என் காரில் மழைக்குப் பிறகு பெயின்ற்றின் மேல் தவிட்டுக் கோடு வடிந்தது அதனால்தான்.

அண்ணன், ஒரு கேள்வி. இந்திய அம்பாசடரின் பாகங்கள் மைனருக்குப் பொருந்துமா? அவை மலிவாகக் கிடைக்கின்றன.

கல்லடி உறுப்பினர்:

பொருந்தாது தம்பி. அம்பாசடர் மொரிஸ் ஒக்ஸ்போர்டிலிருந்து வந்தது, மைனர் வேறு உடம்பு. மைனருக்கு இங்கிலாந்தில் இன்றும் புதுப் பாகங்கள் செய்து விற்கிறார்கள். இலங்கையிலேயே மைனருக்குத் தகடுகள் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியதும் உண்டு. கண்ணாடி றப்பர், கிளிப் போன்றவற்றைப் புதிதாக வாங்குங்கள். பம்பர் மட்டும் பழைய தகடு உறுதியாக இருந்தால் அதையே திருத்துவது மேல் என்பது என் எண்ணம். நான் கையில் எடுத்துப் பார்த்த புதுப் பம்பர் மெலிசு, முலாமும் அப்படித்தான்.

கொழும்பில் பழைய வாகனப் பாகங்கள் விற்கிற பஞ்சிகாவத்தையில் கைபிடி பார்க்கப் போனால் உங்களுடையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். இடது, வலது மாறும், சதுரக் கம்பியின் நீளமும் மாறும். கொப்புளம் ஒன்றுகூட இல்லாததாக எடுங்கள்.