‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தைத் தவறாகவே வாசித்துக்கொண்டிருந்த ஆண்டுகள்

முதன்முதலில் கேட்ட ராக் ஆல்பத்தைப் பற்றி நண்பர்கள் பலரும் எழுதிவிட்டதால், டீப் பர்ப்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘மெஷின் ஹெட்’ எனக்கு அறிமுகமான விதத்தை நானும் பகிர்ந்துகொள்கிறேன். 1994-இல் திருச்சியில் கல்லூரி விடுதியில் இருந்தபோது, மூத்த மாணவர் ஒருவர் பதிவுசெய்து தந்த கேசட்டில்தான் அதைக் கேட்டேன். உறை கிடையாது, பாடல்களின் பெயர்களும் கிடையாது. ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பாடலின் தொடக்கத்தை மட்டும் ஒரே தந்தியில் வாசிக்கக் கற்றுக்கொண்டு, கிடார் வாசிக்கத் தெரிந்துவிட்டதாகவே சில ஆண்டுகள் நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கையைத் திருத்தியவர், தேவாலயத்தில் கிடார் வாசித்துக்கொண்டிருந்த என் ஆசிரியர். “பிக்கைக் கீழே வைத்துவிட்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இரண்டு தந்திகளைச் சேர்த்துக் கிள்ளுங்கள் தம்பி” என்றார். பிக் என்பது தந்திகளை மீட்டும் சிறு தகடு. ராக் இசையில் வழக்கமாகக் கேட்கும் பவர் கார்டு என்ற சுரச்சேர்க்கை, ஷட்ஜத்தின் (ஸ) மேல் பஞ்சமத்தை (ப) வைப்பது. குழுவின் கிடார் கலைஞர் ரிச்சி பிளாக்மோரோ மேலே ஷட்ஜத்தையும் அதன் கீழே மந்திர (கீழ் ஸ்தாயி) பஞ்சமத்தையும் ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்து, அந்த இணையை அப்படியே மேலும் கீழுமாக நகர்த்துகிறார். பிக்கினால் அடித்தால் ஒரு தந்தி முந்தியும் மற்றது பிந்தியும் ஒலிக்கும். கிள்ளும்போது இரண்டும் ஒரே குரலாக எழும். அன்று என் விரலுக்கு அடியில் அந்த ஒலி எழுந்தபோது ஏற்பட்ட சிலிர்ப்பு இன்னும் நினைவில் இருக்கிறது.

அதன் பிறகுதான் ஆல்பம் உருவான கதையைத் தேடிப் படித்தேன். ஸ்டுடியோவின் அடைப்பு வேண்டாம், மேடையில் வாசிப்பதுபோலப் பதிவுசெய்ய வேண்டும் என்று எண்ணிய குழுவினர், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான ஒலிப்பதிவு வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மொந்த்ரூ நகருக்குச் சென்றனர். பதிவு நடக்கவிருந்த காசினோவில் டிசம்பர் 4 அன்று அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது, கூட்டத்திலிருந்து ஒருவர் சமிக்ஞைத் துப்பாக்கியால் கூரையை நோக்கிச் சுட, கட்டடம் முழுவதும் எரிந்துபோனது. உயிர்ச்சேதம் இல்லை என்பது பெரும் ஆறுதல். ஜெனீவா ஏரியின் மேல் புகை பரவியதைக் குழுவினர் தம் கண்ணாலேயே பார்த்தனர். பாஸ் கிடார் வாசிக்கும் ரோஜர் குளோவர் சில நாட்களுக்குப் பின் உறக்கத்திலிருந்து விழிக்கும்போது முணுமுணுத்த ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ (நீரின் மேல் புகை) என்ற சொற்களே அந்தப் பாடலின் தலைப்பாயின.

அடுத்து அவர்கள் சென்ற பெவிலியன் அரங்கிலும் நிலைக்க முடியவில்லை. இரவில் எழுந்த ஓசையைத் தாளாமல் அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, காவலர்கள் வந்துவிட்டனர். அதற்குள் ஒரே ஒரு பாடலின் இசைப்பகுதி மட்டும் பதிவாகியிருந்தது. பின்னர், குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலின் தாழ்வாரத்தில் மெத்தைகளை அடுக்கி ஒலியை அடக்கி, எஞ்சிய பாடல்களைப் பதிவுசெய்தனர். வாசித்ததைக் கேட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அறைகள், பால்கனிகள் வழியாகச் சுற்றி வெளியே நிற்கும் வண்டிக்குச் செல்ல வேண்டியிருந்ததால், கேட்பதையே பெரும்பாலும் கைவிட்டுவிட்டு, தம் காதையும் ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பிர்ச்சையும் நம்பித் தொடர்ந்து வாசித்தனர். ‘ஹைவே ஸ்டார்’ பாடலில் தயக்கமே இல்லாத வேகம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

1972 மார்ச்சில் வெளியான ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ஆனால் குழுவினர் நம்பிக்கை வைத்துத் தனி இசைத்தட்டாக முதலில் வெளியிட்டது ‘நெவர் பிஃபோர்’ என்ற பாடலை. ஆல்பத்துக்கு இன்னும் சில நிமிடங்கள் தேவைப்பட்டதால்தான், பெவிலியனில் பதிவான அந்த இசைக்கு, தீவிபத்தையே பொருளாகக் கொண்டு வரிகள் எழுதிச் சேர்த்தனர். அதுவே 1973-இல் அமெரிக்காவில் தனி இசைத்தட்டாக வெளிவந்து நான்காம் இடம்வரை சென்றது. அதன் பின்னர்தான் ஆல்பமும் அங்கே ஏழாம் இடத்துக்கு உயர்ந்தது.

இவற்றையெல்லாம் அறிந்தபின் அந்தப் பாடலை வேறு காதுடன் கேட்கிறேன். கிடார் தனியாகத் தொடங்க, ஜான் லார்டின் ஆர்கனும் டிரம்ஸ் கலைஞர் இயன் பெய்ஸின் ஹை-ஹேட்டும் (டிரம்ஸிலுள்ள இரட்டை உலோகத் தகடு) சேர்ந்துகொள்ள, டிரம்ஸ் முழுமையாக எழுந்த பிறகு பாஸ் வந்து அடித்தளம் இடுகிறது. மற்ற ஆறு பாடல்களின் டிரம்ஸ் ஒலி மெத்தைகளுக்கு நடுவே இறுக்கமாக இருக்க, இந்த ஒன்றில் மட்டும் அதைச் சுற்றிச் சற்றுக் கூடுதல் வெளி இருப்பதாகவே எனக்குக் கேட்கிறது.