150 சிசி கார்ப்ரேட்டர் பைக்கை எதனோலுக்கு மாற்றுவது: ஜெட் அளவும் தண்ணீர்ப் பிரச்சினையும்

உப்புவெளி_150 கேட்டது:
வணக்கம். திருகோணமலையில் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்கள் சிலர் சேர்ந்து, காற்றில் குளிரும் 150 சிசி பைக் ஒன்றை 85 வீதம் எதனோல், 15 வீதம் பெற்றோல் கலவையில் ஓடவைக்கப் பார்க்கிறோம். சுருக்க விகிதம் 9.5. கார்ப்ரேட்டரில் எரிபொருளை அளந்துவிடும் துளைத் திருகுகளான ஜெட்டுகளில், முழு வேகத்துக்கான மெயின் ஜெட் 100, மெதுவாக ஓடுவதற்கான பைலட் ஜெட் 15. ஜெட் எவ்வளவு பெருப்பிக்க வேண்டும்? எந்தப் பாகங்கள் கெடும்? கடைகளில் விற்கும் மெதிலேற்றட் ஸ்பிரிட் பாவிக்கலாமா?

சீனன்குடா கராஜ் பதில்:
முதலில் கணக்கு. ஒரு கிலோ பெற்றோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். சுத்த எதனோலுக்கு 9 போதும், உங்கள் கலவைக்கு 9.8 அளவில் வரும். அதாவது அதே காற்றுக்கு எடைப்படி ஒன்றரை மடங்கு எரிபொருள் போகவேண்டும். ஜெட் துளையின் பரப்பு ஏறத்தாழ அந்த அளவுக்குக் கூடுவதற்கு, விட்டம் 20 வீதம் கூடினால் சரி. 100 இருந்த இடத்தில் 120, பைலட் 15 என்றால் 18. சுத்த எதனோலுக்குப் போவதென்றால் விட்டம் 25 வீதம். 30 வீதக் கலவைக்கு 6 வீதமே போதும்.

ஒரு கவனம்: கீஹின், மிக்குனி என்று இரண்டு கம்பனிக் கார்ப்ரேட்டர்கள் உண்டு. கீஹின் ஜெட்டில் பொறித்த எண் துளை விட்டம், 100 என்றால் 1.00 மில்லிமீற்றர். மிக்குனியின் அறுகோணத் தலை ஜெட்டில் உள்ள எண் பாயும் அளவைக் காட்டுவது. அதில் 20 வீதம் மட்டும் கூட்டினால் கலவை மெலிந்துவிடும், அதாவது காற்றுக்கு எரிபொருள் போதாது, 45 வீதம் அளவுக்குக் கூட்டவேண்டும். எது உங்களிடம் இருக்கிறது என்று கழட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். துளைப்பதற்குச் சாதாரண ட்ரில் பிட் வேண்டாம், துளை வட்டமாக வராது. துளையைச் சீராகப் பெருப்பிக்கிற, அளவு போட்ட ஜெட் ரீமர் எடுங்கள். பழைய ஜெட்டைத் தொடாமல் பத்திரமாக வையுங்கள்.

மெயின் ஜெட்டை மட்டும் மாற்றி நிறுத்துகிறவர்கள்தான் கூட. அது முக்கால் திறொட்டிலுக்கு மேல்தான் வேலை செய்யும். நாளாந்தம் ஓடுகிற கால், அரைத் திறொட்டிலில் எரிபொருளை அளப்பது ஊசியும் அது இறங்கும் குழாயும். ஊசியில் கிளிப் காடி இருந்தால் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்குங்கள், ஊசி உயரும். காடி இல்லாத ஊசியென்றால் அரை மில்லிமீற்றர் வோசர் ஒன்றை ஊசித் தலைக்கு அடியில் போடலாம். அதற்கும் நடுவில் திணறினால் ஊசிக் குழாயையே பெரிதாக எடுக்கவேண்டும்.

எரிபொருள் வரத்தையும் பாருங்கள். கார்ப்ரேட்டர் கிண்ணத்தின் வடிகால் திருகைத் திறந்து, வருவதை அளவுப் போத்தலில் பிடியுங்கள். நிமிடத்துக்கு 200 மில்லிலீற்றராவது வரவேண்டும். குறைந்தால் முழு வேகத்தில் கிண்ணம் வற்றும், ஓட்டுகிறவருக்கு அது ஜெட் பிழை மாதிரித்தான் தெரியும். தாங்கி மூடியின் காற்றுத் துளை, ஃபில்டர், கிண்ணத்து மிதவை ஊசியின் இருக்கை மூன்றையும் அந்த ஒழுங்கில் சோதியுங்கள்.

கொட்டியாரக் கரை பதில்:
மெதிலேற்றட் ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம். அதில் மெதனோல் கலந்திருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. மெதனோல் அலுமினியத்தை எதனோலைவிட மோசமாக அரிக்கும், ஆவியும் நஞ்சு. கை கழுவும் சனிற்றைசரில் கிளிசரின் இருப்பதால் அதுவும் ஆகாது.

இனி றப்பர். சாதாரண எரிபொருள் குழாய் எதனோலில் ஊறி மென்மையாகி வெடிக்கும். ஃபுளூரோ றப்பர், அதாவது வைற்றன் குழாயும் ஓரிங்குகளும் போடுங்கள். கிண்ணத்து கஸ்கெற், தாங்கி ரெப் வோசர், மிதவை ஊசியின் றப்பர் முனை எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றவேண்டும். கார்ப்ரேட்டர் உடல் நாகம் (சிங்க்) கலந்த வார்ப்பு. ஓடாமல் கிடந்தால் வெள்ளைப் பூ மாதிரிப் படிந்து பைலட் துளையை அடைக்கும். ஆகவே ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்துவதென்றால் கிண்ணத்தை வடித்து, கடைசிப் பத்து நிமிடம் வெறும் பெற்றோலில் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். அப்போது ஜெட் பெரிதாக இருப்பதால் கலவை கொழுத்து, அதாவது எரிபொருள் கூடி, புகைக்கும், அந்தக் கொஞ்ச நேரத்தால் கெடுதல் வராது.

பழைய தாங்கியின் உள்ளே ஒட்டியிருக்கிற பிசினையும் கறளையும் எதனோல் கழுவிக்கொண்டு வரும். முதல் தாங்கி முடிந்ததும் ஃபில்டரையும் கிண்ணத்தையும் கழட்டிக் கழுவுவது கட்டாயம்.

தண்ணீர் விஷயத்தைத்தான் ஆட்கள் லேசாக நினைக்கிறார்கள். கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் எங்கள் காற்றில் உள்ள ஈரத்தை எதனோல் இழுத்துக்கொள்ளும். 10 வீத எதனோல் கலவை அரை வீதம் தண்ணீரையே தாங்கும். அதைத் தாண்டினால் எதனோலும் தண்ணீரும் அடியில் பிரிந்து நிற்கும், ரெப் இழுப்பது அந்த அடியைத்தான். 85 வீதக் கலவை இதைவிட நிறையத் தண்ணீர் தாங்கும் என்றாலும், கலப்பதற்கு 99.5 வீதத்துக்குக் குறையாத எதனோலையே எடுங்கள். சாதாரணமாக வடித்தால் எடையில் 95.6 வீதத்துக்கு மேல் போகாது, மிச்சத் தண்ணீரை எடுக்க 3ஏ வகை மூலக்கூறு சல்லடை, அதாவது தண்ணீரை மட்டும் உறிஞ்சும் மணிகள் வேண்டும். கலந்ததில் 100 மில்லிலீற்றரைக் கண்ணாடிப் போத்தலில் மூடி ஓர் இரவு பிரிட்ஜில் வையுங்கள். காலையில் கலங்கியிருந்தாலோ அடியில் கோடு தெரிந்தாலோ தாங்கியில் ஊற்றாதீர்கள்.

உப்புவெளி_150:
நன்றி அண்ணா. கலவை சரியா என்று பிளக் நிறத்தைப் பார்த்துச் சொல்லலாம்தானே? ரைமிங்கையும், அதாவது பிளக் பொறி விடும் நேரத்தையும் தொடவேண்டுமா?

சீனன்குடா கராஜ் பதில்:
தம்பி, பிளக் நிறத்தை நம்பாதீர்கள். எதனோலில் கரி படிவது குறைவு, சரியான கலவையிலும் பிளக் வெளிறித்தான் இருக்கும். அதைப் பார்த்துக் கொழுப்பித்துக்கொண்டே போனால் எரியாத எதனோல் சிலிண்டர் சுவரில் இறங்கி ஒயிலில் கலக்கும். சைலன்சரில் வைட்பேண்ட் லம்டா சென்சர் பொருத்துங்கள், புகையிலிருந்து கலவையை அளப்பது அது. லம்டா 1 என்றால் சரிக்குச் சரி, குறைந்தால் கொழுப்பு. முழுத் திறொட்டிலில் 0.85 முதல் 0.90 வரை வந்தால் நல்லது. கருவி இல்லையென்றால் அறிகுறிதான்: திறொட்டிலைத் திறக்கும்போது தயங்கி, கார்ப்ரேட்டர் வழியே பட்டென்று திருப்பி அடித்தால் மெலிவு. எஞ்சின் விட்டுவிட்டு அடித்து, இழுவை இல்லாமல் இருந்தால் கொழுப்பு.

ரைமிங்கை இப்போதைக்கு விடுங்கள். எதனோலின் ஒக்டேன் 100க்கு மேல், அதன் பயன் சுருக்க விகிதத்தை 11க்கு மேல் ஏற்றினால்தான் கிடைக்கும். 9.5இல் கிடைப்பது குளிர்ச்சியான எரிப்பும் கொஞ்சம் இழுவையும். லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடினது 32, 33க்கு இறங்கும், அதைத் திட்ட அறிக்கையில் மறைக்காமல் எழுதுங்கள். ஒயிலைப் பாதித் தூரத்திலேயே மாற்றுங்கள். ஒயில் மூடியின் அடியில் பால் நிறக் களி தெரிந்தால் உடனே.

காலையில் ஸ்ரார்ட் எடுப்பது எங்கள் வெப்பத்தில் சோக்குடன் சரிவரும். பிரேசிலில் சுத்த எதனோல் கார்களுக்குக் குளிர்ந்த காலையில் தொடக்கச் சிறு பெற்றோல் தாங்கி வைத்தார்கள், உங்கள் 15 வீதப் பெற்றோல் செய்வதும் அதே வேலைதான்.

கொட்டியாரக் கரை பதில்:
எதனோல் எங்கே எடுப்பது என்பதைக் கருவிகள் வாங்க முதலே முடித்துக்கொள்ளுங்கள். கந்தளாய்ச் சீனி ஆலை மூடிக் கிடக்கிறது. கரும்புப் பாகுக் கழிவிலிருந்து வடிப்பது பெல்வத்தை, செவனகல பக்கம். மதுவரித் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருப்பதோ ஏற்றிவருவதோ குற்றம், வீட்டில் வடிப்பதும் அப்படியே. விண்ணப்பம் மாணவர் பெயரில் அல்லாமல் உங்கள் நிறுவனத்தின் பெயரில், அளவும் நோக்கமும் எழுதிப் போகட்டும். காப்புறுதிக் கம்பனிக்கும் அறிவித்துவிட்டு, அனுமதி வரும்வரை வளாகத்துக்குள்ளேயே ஓட்டுங்கள்.

இன்னொன்று: எதனோல் சுவாலை பகல் வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது. கலக்கும் இடத்தில் உலர் தூள் தீயணைப்பான் ஒன்று கை எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும், பிளாஸ்ரிக் வாளியில் ஊற்றிக் கலக்கவேண்டாம்.