பூங்காக் கழிப்பறைக்குக் காசு வாங்கலாமா?

தல்லாகுளத்தான்: மதுரையில் எங்கள் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் கழிப்பறை இருக்கிறது, கதவில் பூட்டும் தொங்குகிறது. சாவி காவலாளியிடம் என்கிறார்கள், அவரைத்தான் காணோம். குடிநீர்த் தொட்டியில் குழாய் இருந்த ஓட்டையை மரக்கட்டை வைத்து அடைத்திருக்கிறார்கள். பூங்கா திறந்திருக்கும் நேரம் முழுக்க இரண்டும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை: இலவசம் என்றால் இப்படித்தான் இருக்கும் அண்ணே. கழுவ ஆளில்லாமல்தான் பூட்டுகிறார்கள். திறந்துவிட்டால் நாலே நாளில் உள்ளே கால் வைக்க முடியாது. 5 ரூபாய் வாங்குங்கள், சம்பளத்துக்கு ஆள் போடுங்கள். திருச்சியில் குடிசைப் பகுதிகளில் மகளிர் குழுக்கள் கட்டணம் வாங்கித்தானே பொதுக் கழிப்பறைகளை நடத்துகின்றன?

புதூர்க்காரி: திருச்சிக் கணக்கு இங்கே ஒத்துவராது தம்பி. அங்கே அந்தத் தெருக்காரர்களே தினமும் வருகிறார்கள், அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். பூங்காவுக்கு வருவது வழிப்போக்கர்கள். அப்புறம், ஆண்களுக்குத்தான் சுற்றுச்சுவர் இருக்கிறதே, 5 ரூபாய் யார் கொடுப்பார்? கட்டணம் பெண்கள் தலையில்தான் விழும். காலையில் நடக்க வருகிற பெண்கள் பலர் வீட்டிலேயே தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிறார்கள். மதுரை வெயிலுக்கு அப்படி இருந்தால் நீர்க்கடுப்பு வராமல் என்ன செய்யும்? சர்க்கரை இருப்பவர்களுக்கு அடக்கவும் முடியாது.

கணக்குப்பிள்ளை: சரிக்கா, பெண்களுக்கு இலவசம். ஆண்களிடம் மட்டும் வாங்கலாம்.

புதூர்க்காரி: சுவர் இன்னும் கொஞ்சம் நனையும்.

ஒத்தக்கடை பிளம்பர்: காசை விடுங்கள். கழிப்பறை கெடுவதற்குப் பாதிக் காரணம் போர்வெல் தண்ணீர். ஃப்ளஷ் டேங்கில் உப்புப் படிந்து வால்வு மூடாது, ஒழுகியே மேல்தொட்டி காலியாகும், அப்புறம் நாற்றம்தான். ஃப்ளஷே வேண்டாம், வாளியும் கப்பும் போதும். குடிநீருக்குப் பித்தளைக் குழாய் போட்டால் ராத்திரியோடு ராத்திரியாகப் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். பிளாஸ்டிக் போட்டால் பிள்ளைகள் தொங்கியே உடைப்பார்கள்.

தல்லாகுளத்தான்: தண்ணீரில் உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. இயந்திரம் வைத்தால்?

ஒத்தக்கடை பிளம்பர்: சின்ன ஆர்.ஓ. ஒரு குடம் தருவதற்குள் அதைவிட அதிகமாகச் சாக்கடையில் விடும் அண்ணே. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை குடிக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. வைகைத் தண்ணீர் வருகிற அன்று தனித் தொட்டியில் பிடித்து வைத்தால் ஆர்.ஓ.வே தேவைப்படாது. தொட்டியைக் கழுவிக் குளோரின் போடணும், அதைத்தான் மறந்துவிடுவார்கள்.

மாசிவீதி மாணிக்கம்: சித்திரைத் திருவிழாவில் அழகர் வரும்போது தெருவுக்குத் தெரு நீர்மோர்ப் பந்தல் போடுகிற ஊர் இது. கடைக்காரர்களிடம் விடுங்கள், தண்ணீரை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

புதூர்க்காரி: மோர் கொடுத்தால் புண்ணியம், சரி. மோர் குடித்தவர் எங்கே போவார்? அந்தக் கூட்டத்தில் பெண் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒதுங்க இடம் தேடிப் பாருங்கள், தெரியும்.

கணக்குப்பிள்ளை: எல்லாம் சரி. கழுவுகிறவருக்கு மாதச் சம்பளம் யார் தருவது? அதற்கு மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

தல்லாகுளத்தான்: புல் வெட்டுகிறவருக்கும் கலர் லைட் நீரூற்றுக்கும் யார் தருகிறார்களோ அவர்களேதான். அதற்கெல்லாம் 5 ரூபாய் கேட்டீர்களா? வார்டு மக்கள் குறை சொல்லும் பகுதி சபை அடுத்து கூடும்போது இதையே கேட்கப்போகிறேன். நீங்களும் வாருங்கள்.

கணக்குப்பிள்ளை: வருகிறேன் அண்ணே. 5 ரூபாயை விடமாட்டேன்.