கிறிஸ்தவப் பள்ளியில் சேர்க்கும் முன் என்னென்ன கேட்கணும்? விட்டுப்போனதைச் சொல்லுங்க

வணக்கம். பிள்ளையைக் கிறிஸ்தவப் பள்ளியில் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் பெற்றோருக்காக ஒரு கேள்வித்தாள் தயாராகிறது. இதுவரை சேர்ந்தது இவ்வளவு.

முதலில், பள்ளி எந்த வகை? எல்லா மதத்தவரையும் சேர்க்கும் திருச்சபைப் பள்ளி வேறு, பெற்றோரிடமே விசுவாச அறிக்கையில் (பள்ளியின் மத நம்பிக்கைகளை எழுதிய தாள்) கையெழுத்து கேட்கும் பள்ளி வேறு. அந்த அறிக்கையையும் பெற்றோர் கையேட்டையும் பணம் கட்டும் முன்பே வாங்கி, ஒழுங்கு நடவடிக்கை, நீக்கம் பற்றிய பத்திகளை முழுசாகப் படிக்கணும். பின்னால் சண்டை வருவது பெரும்பாலும் அங்கேதான்.

பாடத்திட்டத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சில கிறிஸ்தவப் பள்ளிகளில் உள்ள ஏ.சி.இ. (Accelerated Christian Education) என்ற பாடமுறையில் பிள்ளை தனி மேசையில் உட்கார்ந்து தானே பயிற்சிக் கையேடுகளை முடிக்கணும். பொதுவாக ஒரு பாடத்துக்கு ஆண்டுக்கு 12. தேர்வில் 80 சதவீதம் வந்தால்தான் அடுத்தது. தானாகப் படிக்கும் பிள்ளைக்குச் சரி, பேசிப் பேசிப் படிக்கிற பிள்ளை திணறும். இந்த முறையில் படித்து வாங்கும் சான்றிதழ் செல்லுமா என்பதைப் பள்ளியிடம் அல்ல, சேரப்போகும் கல்லூரியிடமே கேட்கணும்.

பள்ளியைப் பார்க்கப் போவது விழா நாளில் வேண்டவே வேண்டாம். சாதாரண நாளில் போய், பெரிய வகுப்புப் பிள்ளையின் அறிவியல் நோட்டு ஒன்றைப் புரட்டினால் போதும்: பரிணாமம் எப்படி நடத்தப்பட்டிருக்கிறது, சிவப்பு மையில் திருத்தமா வெறும் டிக்கா, எல்லாம் தெரிந்துவிடும்.

இரண்டு இடத்தில் உதவி தேவை. வேறு மதப் பிள்ளைக்கு ஜெப நேரத்தில் விலக்கு உண்டா என்பதை எழுத்தில் வாங்க எப்படிக் கேட்பது? கற்றல் குறைபாட்டுக்குத் தனி ஆசிரியர் இருக்கிறார் என்று சொன்னால், அதை எப்படிச் சரிபார்ப்பது?