பந்து அடிச்சுப் பழகுற ரேஞ்சிலேயே குடியிருக்கிறவங்களோட கோல்ஃப் ஆடின அனுபவம் இருக்கா?

சனிக்கிழமை நாலாவது ஆள்

நந்தனம் கோர்ஸ், சனிக்கிழமை காலை, எப்பவும் போல நாங்க நாலு பேர். புள்ளி எண்ணுற ஸ்டேபிள்ஃபோர்டு ஆட்டம், தோத்தவன் டிஃபன் வாங்கணும், அவ்வளவுதான் பந்தயம். செட்டுல ஒருத்தன் காலேஜ் காலத்துப் பழக்கம். கொஞ்ச மாசமா ஆளே மாறிட்டான். சாயங்காலம் ஆனா ரேஞ்ச், டிரைபாட்ல போன், ஸ்லோமோஷன் வீடியோ, ஆன்லைன்ல ஒரு கோச். ஹேண்டிகேப் (திறமைக் கணக்கு, குறையக் குறைய நல்லது) 22ல இருந்து 15க்கு வந்துட்டான், அதை நான் மறுக்கல.

விஷயத்துக்கு வர்றேன். ஒரு பார் 3, அதாவது மூணு அடியில முடிக்க வேண்டிய ஹோல். என் பந்து, குழி இருக்கிற கிரீனோட அந்தக் கோடியில கிடக்குது. நடுவுல ஒரு மேடு, குழிக்குத் தூரம் முப்பது அடிக்குக் குறையாது. பை தூக்குற கேடி கொடியைப் பிடிச்சுக்கிட்டு "சார், ரெண்டு கப் லெஃப்ட்"னான், குழிக்கு இடப்பக்கம் குறி பாக்கச் சொல்லி. அடிச்சேன். மேடேறி, வளைஞ்சு வந்து, குழி விளிம்புல நின்னு யோசிச்சுட்டு உள்ள விழுந்துச்சு. கேடி கத்துறான், மத்த ரெண்டு பேரும் கத்துறாங்க, பக்கத்து ஹோலோட டீயில (முதல் அடி அடிக்கிற இடம்) இருந்தவங்களே திரும்பிப் பாத்தாங்க. இவன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, புல்லுல விழுற தன்னோட நிழலைப் பாத்து பேக்ஸ்விங்கைச் சரி பண்ணிக்கிட்டிருந்தான். தூக்குறான், பாதியில நிறுத்துறான், மணிக்கட்டைப் பாக்குறான், இறக்குறான். சத்தமெல்லாம் அடங்கினப்புறம் திரும்பி, "யாரு போட்டது?"ன்னு கேட்டான்.

அந்த ஹோல்ல என்னோட முதல் பர்டி அது, பாருக்கு ஒரு அடி கம்மி. இப்ப பர்டி ஞாபகம் வர்றதில்ல, அந்தக் கேள்விதான் வருது. டிஃபனுக்கும் அவன் வரல, நேரா ரேஞ்சுக்குப் போயிட்டான். இப்படி ஆளுங்களோட ஆடினவங்க இருந்தா சொல்லுங்க.

ஃபேர்வே மணி

உங்க நண்பரை நான் குறை சொல்ல மாட்டேன். இதுக்கு நேரெதிர் ஆளோட ஒரு தடவை மாட்டிக்கிட்டேன். பெங்களூர்ல ஆபீஸ் கோல்ஃப். சேந்து ஆடுற குழுவுல (ஃப்ளைட்) எனக்கு ஜோடியா வந்தவர் முதல் டீயிலயே, "நாமல்லாம் ஜாலிக்கு ஆடறவங்க பாஸ், பிராக்டிஸெல்லாம் வேலை இல்லாதவனுக்கு"ன்னார். ஒன்பதாவது ஹோல் வர்றதுக்குள்ள ஜாலி தீர்ந்துபோச்சு. பந்து ரெண்டாவது தடவை தண்ணியில விழுந்ததும் கையில இருந்த வெட்ஜ் கிளப்பையும் அதுக்குத் துணையா குளத்துல வீசிட்டார். கேடி பேன்ட்டை முட்டி வரைக்கும் சுருட்டிக்கிட்டு, பாசிக்குள்ள காலால துழாவி எடுத்து, தன் துண்டாலயே துடைச்சுக் கொடுத்தார். இவர் ஒரு நன்றிகூடச் சொல்லல, "இன்னிக்கு நேரமே சரியில்ல"ன்னு புலம்பிக்கிட்டே வாங்கிக்கிட்டார்.

பயிற்சியே செய்யாம சந்தோஷம் மட்டும் வேணும்னு வர்றவங்க, பதினெட்டு ஹோலும் நம்ம காதுலதான் புலம்புவாங்க. உங்க நண்பர் சத்தம் போடாம நிழலைத்தான் பாத்தார். என்னைக் கேட்டா அவரோட ஆட எனக்குச் சம்மதம்.

மலைக்கிளப் பையன்

நான் பை தூக்கி வளந்தவன். எந்த மலை, எந்தக் கிளப்னு கேக்காதீங்க. அப்பல்லாம் மெஷின் கிடையாது. ஒருத்தர் பந்து அடிச்சுப் பழகணும்னா ஒரு பையன் எதிர்ல போய் நிக்கணும், விழுற பந்தைப் பொறுக்கிப் பையில போடணும். ஷெட்டுக்குப் பின்னாடி நாங்க பசங்க எல்லாருக்கும் சேத்து ஒரே ஒரு அஞ்சாம் நம்பர் அயன் கிளப். அதாலயே தூரத்துக்கு டிரைவ், அதாலயே கிட்டத்துக்குச் சிப், அதாலயே குழிக்குத் தள்ளுற பட்.

பெரிய உத்தியோகத்துல இருந்த ஒரு ஐயா வருவார். மழை விட்ட ஒரு நாள். கோர்ஸ் மொத்தமும் காலி. புல்லு பச்சைப்பசேல்னு, கிரீன்ல ஒரு காலடிகூட இல்ல. எங்க யாரையாவது உள்ள விட்டிருந்தா பைத்தியம் புடிச்ச மாதிரி ஓடியிருப்போம். அவர் என்னை எதிர்ல நிக்க வெச்சு ஏழாம் நம்பர் அயனை எடுத்தார். இருட்டுற வரைக்கும் அதேதான். பந்து வர்றது கண்ணுக்குத் தெரியல, காதுல 'விர்'ருனு கேட்டாத்தான் தெரியும், நான் ஒதுங்கி ஒதுங்கி நின்னேன். கடைசியில காசு நல்லாத்தான் கொடுத்தார். ஒரு ஹோல்கூட ஆடாம ஜீப் ஏறிப் போயிட்டார்.

இப்ப என்கிட்ட முழு செட் இருக்கு, பதினாலு கிளப். இன்னும் எனக்குப் புரியல, அன்னிக்கு எப்படி அவருக்கு இறங்கி ஆடத் தோணல?

பட்டர் மட்டும் பேசும்

எல்லாரும் புரூஸ் லீட்ஸ்கியைப் படிக்கணும். அமெரிக்கக்காரர், பிஜிஏ டூர்ங்கிற தொழில்முறைப் போட்டித் தொடர்ல 13 பட்டம். பயிற்சின்னாலே ஆகாது. கோடைக்காலம் வந்தா பிள்ளைங்களோட பேஸ்பால், மீன்பிடிப்புன்னு வீட்டுல உக்காந்துடுவார். நம்பாத அவரோட கேடி, 1980கள்ல ஒரு சீசன் முடிஞ்சதும் தூரம் அடிக்கிற டிரைவர் கிளப்போட உறைக்குள்ள ஒரு வாழைப்பழத்தைச் செருகி அனுப்பினார். அடுத்த சீசன்ல உறையைக் கழட்டினா அழுகி நாறுது. கிளப்பைத் தொடவே இல்ல! அப்புறம் ஜெயிக்கவும் செஞ்சார். நமக்கு எதுக்கு இந்தப் பாடு?

ஃபேர்வே மணி

அவர் சின்ன வயசுலயே அடிச்சு உருவாக்கின ஸ்விங் அது, அதைக் கெடுக்காம வெச்சிருந்தார். நம்மகிட்ட காப்பாத்துறதுக்கு என்ன இருக்கு? அப்படிப் பாத்தா ஃபிஜி வீரர் விஜய் சிங்கும் இருக்கார். ரேஞ்சை விட்டு நகராத மனுஷன், 2004ல மட்டும் 9 பட்டம். அவருக்கு அந்த ரேஞ்சுதான் சந்தோஷம்.

சராசரிக்கணக்கு

எனக்கும் ஒரு சம்பவம் உண்டு. ஒரு நண்பர் ரேஞ்சில் அற்புதமாக அடிப்பார், முதல் டீயில் கை நடுங்கும். அவ்வளவுதான் கதை. காரணம் சொல்கிறேன், பலருக்குப் பயன்படும்.

ஒரே கிளப்பால் ஒரே குறியை நோக்கி ஐம்பது பந்து அடித்தால் பத்தாவது பந்திலிருந்து எல்லாம் நேராகப் போகும். அது திறமை வந்ததால் இல்லை, முந்தைய பந்தின் சூடு. கோர்ஸில் ஒரே அடியை இரண்டாம் முறை அடிக்க யாரும் விடமாட்டார்கள். 1979இல் ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் சிறு மரத்தடுப்புகளைக் கையால் வரிசையாகத் தட்டிவிடும் வேலையைச் சிலருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பச் செய்தவர்கள் பயிற்சியின்போது வேகமாக இருந்தார்கள். கலந்து கட்டிச் செய்தவர்கள் பயிற்சியில் திணறினார்கள், ஆனால் பிறகு வைத்த சோதனையில் அவர்களே முந்தினார்கள். ஆகவே ரேஞ்சில் மனதுக்குள் உங்கள் கோர்ஸை ஆடுங்கள். டிரைவர், அடுத்து ஏழாம் நம்பர், அடுத்து வெட்ஜ். ஒவ்வொரு பந்துக்கும் பின்னால் நின்று குறி பார்த்துவிட்டு வாருங்கள். பந்து பக்கெட் மெதுவாகத்தான் தீரும், அது நல்லதே.

அடுத்தது, பதினெட்டு ஹோலுக்கும் சேர்த்துப் பார் 72 என்ற கணக்கிலேயே ஒரு கிரீனுக்கு இரண்டு பட் வீதம் 36 பட் அடக்கம். டிரைவரைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். பட்டிங் கிரீனில் நண்பரோடு ஒரு காபிக்குப் பந்தயம் கட்டினால் பயிற்சியும் ஆச்சு, ஆட்டமும் ஆச்சு.

இன்னொன்று. 2020 முதல் உலகம் முழுக்க உள்ள ஹேண்டிகேப் முறையில் கடைசி 20 ரவுண்டில் சிறந்த 8 மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். மீதி 12 எவ்வளவு மோசமாகப் போனாலும் கணக்கில் வராது. பாதிக்கு மேல் சும்மா விளையாடவே விட்டிருக்கிறார்கள், அதையும் பரீட்சை மாதிரி எழுதுவானேன்? முதல் பதிவர் தன் நண்பரிடம் இதைக் காட்டலாம்.

கோவை வெட்ஜ்

சராசரிக்கணக்கு சார், உங்களைப் படிச்சதும் எனக்கு ஒருத்தர் ஞாபகம் வந்துட்டாருங்க.

பசங்களை ஸ்கூலுக்கு அனுப்பிட்டு ரேஞ்சுக்குப் போவேன். எனக்குன்னு கிடைக்கிற நேரம் அது ஒண்ணுதான். அன்னிக்கு எட்டாம் நம்பர் அயன் அம்சமா போயிட்டிருந்துச்சுங்க. பந்து பட்டதே கையில தெரியாது, சத்தம் மட்டும் கேக்கும். பக்கத்து இடத்துல அடிச்சிட்டிருந்தவரு தன் பந்தை விட்டுட்டு எம்பின்னாடி வந்து நின்னுட்டாரு. "தலையை நிமித்தறீங்கம்மா. இடது கையை நீட்டுங்க. இல்ல, அப்படியில்ல." நானா எதுவும் கேக்கலைங்க. மரியாதைக்கு ஒரு தடவை அவரு சொன்ன மாதிரி அடிச்சேன். ஷாங்க். பந்து வலது பக்கமா பிச்சுக்கிட்டுப் போய் தடுப்புக் கம்பியில 'டங்'குனு அடிச்சுது. அடுத்ததும் ஷாங்க். பக்கெட் தீர்ற வரைக்கும் ஷாங்க்தான். அவரு "பழகப் பழகச் சரியாயிரும்"னுட்டு தன் இடத்துக்குப் போனாரு. போய் அடிச்ச முதல் பந்தையே மேல் விளிம்புல தட்டி டாப் பண்ணினாரு, அது மட்டும்தான் எனக்கு ஆறுதல்.

ரேஞ்சுல அடிக்கறதே எனக்கு ஆட்டம்தாங்க. பயிற்சி வேற, சந்தோஷம் வேறன்னு ரெண்டு தட்டுல வெச்சு எல்லாரும் எடை போடறீங்க. நாலாவது ஆள் சார், உங்க நண்பரு அந்த நிழலைப் பாத்துக்கிட்டு நல்லா சந்தோஷமாத்தான் இருந்திருப்பாரு. உங்க பட்டைப் பாக்காதது தப்புதான், அதுல உங்க பக்கம்.

சனிக்கிழமை நாலாவது ஆள்

சந்தோஷமா இருந்தான்னே வெச்சுக்கலாம்ங்க. அப்ப தனியா ஆடலாமே, எதுக்கு எங்க செட்டுல? இந்தச் சனிக்கிழமை ஏழு மணி டீ டைம் போட்டிருக்கேன். அவனையும் கூப்பிட்டிருக்கேன், இன்னும் பதில் வரல. டிஃபன் அவன் கணக்குன்னு எழுதியாச்சு.

சராசரிக்கணக்கு

கோவை வெட்ஜ் அம்மா, நான் அந்த ஆள் இல்லை. ஆனாலும் ஷாங்க் என்றால் பந்து கிளப் முகத்தில் படாமல் கழுத்துப் பகுதியில் படுகிறது என்று அர்த்தம். உடல் எடை கால்விரல்கள் பக்கம் சரிந்தால் அப்படி ஆகும். பந்துக்கு வெளிப்பக்கம் இன்னொரு பந்தை வைத்துவிட்டு, அதைத் தொடாமல் அடித்துப் பாருங்கள்.